சுருட்டை முடிக்குச் சாயம் பூசும் முன்

"ஊரில அடங்கிக் கிடந்த தலைமயிர் இஞ்ச வந்த பிறகு பறந்துகொண்டு நிக்குது." வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து மட்டக்குளியில் குடியேறிய பெண்கள் பலர் என்னிடம் சொல்லும் முறைப்பாடு இது. எனக்கும் சுருட்டை முடிதான். இதற்குக் காரணம் எண்ணெயோ சம்போவோ மட்டுமல்ல.

முடி இழையின் மேற்புறம் மீன் செதில்போல அடுக்கடுக்காக மூடியிருக்கும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவிலும் அந்தச் செதில்கள் சற்றுத் தூக்கி நிற்கின்றன. தலைத்தோலில் ஊறும் எண்ணெயும் நுனிவரை எளிதில் இறங்குவதில்லை. அதனால் காய்ந்துபோகும் இழை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. களனி கங்கை கடலில் கலக்கும் மட்டக்குளியில் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை.

தண்ணீரும் வேறு. யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறுவதால் கடினமானது. முடியில் படிவை விட்டு அதைச் சொரசொரப்பாக்கும். கொழும்புக்குக் குழாயில் வருவதில் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து எடுத்து அம்பத்தலையில் சுத்திகரிக்கப்படும் நீர். ஆகவே ஊரில் பழகிய பராமரிப்பு இங்கே அப்படியே பொருந்தாது.

செய்யக்கூடியவை எளிமையானவை. தினமும் சம்போ போட வேண்டாம்; வாரத்துக்கு இரு தடவை போதும். முழுகுவதற்கு முன் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். அது முடிக்குள் ஊறிப் புரத இழப்பைக் குறைப்பதாக 2003இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியது. கண்டிஷனர் இட்டு, முடி ஈரமாக இருக்கும்போதே அகலப் பற்சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். துவாயால் தேய்க்காமல் பழைய பருத்தி உடுப்பால் ஒற்றி எடுங்கள். காய்ந்த பின் சீப்புப் போட்டால் சுருள் குலைந்து பறக்கும்.

அடுத்தது சாயம். எங்களில் பலருக்கு நரை வேளைக்கே வந்துவிட்டது. கடும் மனவழுத்தம் முடிக்கு நிறம் தரும் மூலக் கலங்களை அழிப்பதை 2020இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்தார்கள். நாங்கள் கடந்துவந்த ஆண்டுகளை நினைத்தால் அது எனக்குப் புதினமாக இல்லை.

நிரந்தரச் சாயம், அமோனியா போன்ற காரப்பொருளால் செதில்களைத் திறந்து, பெரொக்சைட்டின் உதவியுடன் உள்ளே நிறத்தை உருவாக்குகிறது. ஏற்கெனவே செதில் தூக்கிய சுருட்டை முடி சாயத்தைச் சீரற்று உறிஞ்சும். நுனி கூடுதலாகக் கறுக்கும். எனவே வேரில் முதலில் பூசி, நுனியைக் கடைசியாகத் தொடுங்கள். முடியை வெளிறச் செய்வது இன்னும் பாதிப்பானது, சுருளே தளர்ந்துபோகலாம்.

கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பிபிடி எனப்படும் பரா பினைலீன் டையமீன் உண்டு. சிலருக்கு அது கடும் ஒவ்வாமையைத் தரும்: முகம் வீங்கும், தலைத்தோல் புண்ணாகும், மூச்சு முட்டவும் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் தலையில் பூசும் கலவையில் அதை 2 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியுள்ளது. பொதியில் உள்ள அறிவுறுத்தலின்படி சிறிதளவு சாயத்தைத் தோலில் தடவி 48 மணித்தியாலம் பாருங்கள். கடித்தாலோ சிவந்தாலோ அந்தச் சாயம் உங்களுக்கு வேண்டாம். அசல் மருதாணி செம்மண் நிறமே தரும். 'கறுப்பு மருதாணி' என்று விற்பதில் பெரும்பாலும் பிபிடி கலந்திருக்கும்.

சுருளை நீட்டும் 'கெரட்டின்' சிகிச்சைகள் சிலவற்றில் போர்மல்டிஹைட் வெளியாகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென வகைப்படுத்தியுள்ளது. காற்றோட்டமில்லாத சிறிய சலூன்களில் வாடிக்கையாளரைவிட அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம்.

எறிகணைச் சிதறலால் தலையில் தழும்புள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தழும்புத் தோல் மென்மையானது. அதில் வெடிப்போ கசிவோ இருந்தால் சாயம் படவே கூடாது. உள்ளே சிதறல் இருப்பதாகத் தெரிந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவில் கட்டணமில்லாமல் காட்டலாம்.

யுத்த காலத்தில் கட்டையாக வெட்டிய முடியோடு சோதனைச்சாவடியைக் கடக்க அஞ்சிய பெண்களை நான் அறிவேன். அன்று எங்கள் தலைமயிரைக் கூட மற்றவர்கள்தான் தீர்மானித்தார்கள். இன்று சாயம் பூசுவதும், நரையோடு விடுவதும், சுருளை விரித்துவிடுவதும் உங்கள் விருப்பம். பூசுவதென்றால் அந்த 48 மணித்தியாலத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.