எனியோ மோரிக்கோனே: சீழ்க்கையில் ஓர் இசை மேதை

‘இசைக்கு மொழியில்லை’ என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இசைக்கு மொழி உண்டு. கற்றுத்தர ஆள்தான் வேண்டும். எனக்குக் கற்றுத்தந்தவர் தமிழும் மலாயும் அறியாத ஓர் இத்தாலியர்.

அப்பாவின் கைத்தொலைபேசி அடித்தால் காட்டில் ஏதோ ஊளையிடுவதுபோல் இருக்கும். சிறுவயதில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். 2020 ஜூலை 6ஆம் நாள், ரோம் நகரில் 91 வயதில் எனியோ மோரிக்கோனே காலமானார். நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டில் அடைந்து கிடந்த நேரம் அது. செய்தியைப் பார்த்த அப்பா, “என் போன்ல ஊளையிடுறது இவரோட மியூசிக்தான்டா” என்றார். அன்று தேடத் தொடங்கியவன்தான்.

அந்த ஊளை ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ (1966) படத்தின் தொடக்க இசை. அமெரிக்கப் பாலைநிலத்தில் திரியும் கொயோட் என்னும் விலங்கின் ஊளையை இரண்டே சுரங்களில் பிடித்துப் போட்டார் மோரிக்கோனே. படத்தில் மூன்று பேர்: நல்லவன், கெட்டவன், அவலட்சணமானவன். மூவருக்கும் அதே மெட்டுதான். நல்லவனுக்குப் புல்லாங்குழல், கெட்டவனுக்கு ஒக்கரினா என்னும் மண்குழல், மூன்றாமவனுக்கு மனிதக் குரல். ஆளைக் காட்டாமலே வருவது யாரென்று சொல்லிவிடலாம். மொழி உண்டு என்று நான் சொல்வது இதைத்தான். தமிழ்ப்பள்ளி இசைப் பாடத்தில் ரெக்கார்டர் ஊதியவர்கள் அதை வெளியே எடுத்து ஊதிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். விடுதியில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினால் நான் பொறுப்பல்ல!

மோரிக்கோனே 1928இல் ரோமில் பிறந்தார். தந்தை எக்காளம் ஊதும் கலைஞர்; மகனும் அதையே பயின்றார். பிறகு சாந்தா செசிலியா இசைக் கல்லூரியில் கோஃப்ரெதோ பெத்ராசியிடம் இசையமைப்பு கற்றார். வயிற்றுப்பாட்டுக்காக இத்தாலிய மெல்லிசைப் பாடல்களுக்கு வாத்திய ஒழுங்கு செய்துகொண்டிருந்தவரைத் தேடி வந்தார் இயக்குநர் செர்ஜியோ லியோனே. பார்த்தால், இருவரும் தொடக்கப்பள்ளியில் ஒரே வகுப்பு! 1964இல் வெளிவந்த ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ குறைந்த செலவில் எடுத்த படம். சீழ்க்கை, சாட்டையடி, மணியோசை, மின்கிட்டார் ஆகியவற்றைக் கொண்டு அதுவரை யாரும் கேளாத ஓர் ஒலியை அதற்கு உருவாக்கினார். சீழ்க்கை அடித்தவர் அலெசாந்த்ரோ அலெசாந்த்ரோனி. அமெரிக்கப் படம்போல் தோன்ற வேண்டும் என்று மோரிக்கோனேயின் பெயரை ‘டேன் சாவியோ’ என்று போட்டார்கள்.

புகழ் வந்தது, மரியாதை வரவில்லை. பெத்ராசியைச் சுற்றியிருந்தவர்களுக்குச் சினிமா இசை இரண்டாந்தரம். அது மோரிக்கோனேயின் மனத்தையும் அரித்தது. ‘எழுபதில் விட்டுவிடுகிறேன்’ என்று மனைவியிடம் சொன்னார். பிறகு எண்பதில், தொண்ணூறில் என்று தள்ளிக்கொண்டே போனார். நாற்காலியில் அமர்ந்து, பியானோவைத் தொடாமல், நேரே தாளில் இசை எழுதிய மனிதர் அவர். 400க்கும் மேற்பட்ட திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சிப் படைப்புகளுக்கும் இசையமைத்த பின்னும் அந்தக் கூச்சம் போகவில்லை.

இந்த இடத்தில் எனக்கு அவர் மிக நெருக்கமாகிறார். தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டுப் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தவன் நான். உடன் படித்த சிலர் முதலாம் படிவத்திற்குப் போய்விட்டார்கள். ‘நீ அந்த வகுப்பா?’ என்ற ஒரு கேள்வி போதும். அதைக் கேட்டவர்கள் மறந்திருப்பார்கள், நான் மறக்கவில்லை.

அவருடைய படைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968). படப்பிடிப்புக்கு முன்பே மோரிக்கோனே இசையை எழுதிவிட்டார். லியோனே அதைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கவிட்டு நடிகர்களை நடக்கவைத்தார். ஆனால் தொடக்கக் காட்சியில் இசையே இல்லை. மூன்று கொலைகாரர்கள் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். காற்றாலை கிறீச்சிடுகிறது, ஒருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது, ஒருவன் முகத்தில் ஈ. அவ்வளவுதான். மேடையில் ஒருவர் ஏணியைக் கிறீச்சிட வைத்ததையே இசை நிகழ்ச்சியாக முன்பு பார்த்திருந்த மோரிக்கோனே, அதை லியோனேவிடம் சொல்லியிருந்தார். ரயில் நகர்ந்த பிறகு மவுத் ஆர்கன் ஒலி ஒன்று எழுகிறது. அதை வாசிப்பவன் ஏன் வாசிக்கிறான் என்பது இறுதியில்தான் தெரியும். நான் சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

‘தி மிஷன்’ (1986) படத்தில் காப்ரியேல் பாதிரியார் தென்னமெரிக்கக் காட்டில் குவாரனி மக்கள் நடுவே ஓபோ வாசிக்கிறார். அங்கேயும் எல்லாரும் உருகிவிடவில்லை. ஒருவர் அதைப் பிடுங்கி முறித்துவிடுகிறார். அந்த இசைக்கு ஆஸ்கார் கிடைக்காதது மோரிக்கோனேவுக்குப் பெரிய மனக்குறை. 2007இல் வாழ்நாள் சாதனைக்காக ஆஸ்கார் கொடுத்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் நன்றி சொல்ல, கிளின்ட் ஈஸ்ட்வுட் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். போட்டியில் வென்றது 2016இல்தான், ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ படத்துக்காக, 87 வயதில்.

கேட்கத் தொடங்க நினைப்பவர்கள் அந்த ரயில் நிலையக் காட்சியிலிருந்து தொடங்குங்கள். இரவில், அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். புழுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் ஈயின் சத்தம் தெளிவாகக் கேட்கும்.