வீட்டு வரியில நூலக வரி... அந்தக் காசு எங்கே போகுது?

மதுரை நகருக்குள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15-ல் திறந்தாச்சு. ஆனா சமயநல்லூர் மாதிரி ஊர்களில், பள்ளி விட்டு வர்ற பிள்ளைங்க நடந்தே போய் படிக்கிறதுக்கு ஊர் நூலகம்தான் கதி. அதை நடத்துற காசில் உங்க பங்கும் இருக்கு.

எவ்வளவு?
வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. 500 ரூபாய் வரி என்றால், நூலகத்துக்கு 50 ரூபாய் கூடுதலாகக் கட்டுறீங்க.

எப்படி வந்தது?
1948-ல் வந்த மதராஸ் பொது நூலகச் சட்டம் மூலம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுதான். இதற்குப் பாடுபட்டவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன்.

யார் கைக்குப் போகும்?
வசூலிப்பது உள்ளாட்சி அமைப்பு. அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தணும். புத்தகம், நாளிதழ் வாங்க இந்தப் பணம்தான் ஆதாரம். பாக்கி வைத்தால் முதலில் காலியாவது நூலக மேசைதான். வரி கட்டினவங்களுக்கு விஷயமே தெரியாது.

என்ன செய்யலாம்?
கிராம சபையில், ‘நூலக வரி எவ்வளவு வசூலாச்சு, எவ்வளவு செலுத்தினீங்க?’ என்று கேளுங்க. பதில் இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்க. கேட்கிறது உதவி இல்லை, நீங்க கட்டின காசுக்குக் கணக்கு.