ஆண்களுக்கான நிரந்தரக் கருத்தடை: அச்சமும் உண்மையும்

வாசெக்டமி என்றதும் கிள்ளான் பள்ளத்தாக்கு வாழ் தமிழரிடையேயும் எழும் முதல் ஐயம், ‘ஆண்மை குன்றிவிடுமோ’ என்பதேயாகும். கால்நடைகளைக் காயடித்தலோடு இதனை ஒன்றெனக் கருதுவதால் எழும் ஐயம் இது. காயடித்தலில் விதைகளே செயலிழக்கின்றன. வாசெக்டமியிலோ, விந்தணுக்களை எடுத்துச் செல்லும் இரு குழாய்கள் மட்டுமே துண்டித்து அடைக்கப்படுகின்றன. ஆண்மைக்குரிய இயக்குநீர் குருதியில் நேரடியாகக் கலப்பதால் அது குறைவதில்லை. விந்துநீரின் பெரும்பகுதி பிற சுரப்பிகளில் ஊறுவதால் அதன் அளவும் பெரிதும் மாறுவதில்லை. எனினும், எஞ்சிய அணுக்கள் நீங்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். விந்துப் பரிசோதனை உறுதிசெய்யும்வரை வேறு கருத்தடை முறை தேவை. குழாய்களை மீண்டும் இணைப்பது எப்போதும் பயனளிப்பதில்லை என்பதால், தீர எண்ணியே முடிவெடுத்தல் வேண்டும்.

இம்முறை தமிழருக்குப் புதிதன்று. 1950களின் பிற்பகுதியிலேயே சென்னை மாநில அரசு இதற்கு ஊக்கத்தொகை வழங்கியது. 1971இல் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த முகாமில் ஒரே மாதத்தில் 60,000க்கும் மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டனர். ஆனால், நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77இல், இந்தியாவில் 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அறுவை நிகழ்ந்தது. அவர்களுள் பலர் வற்புறுத்தப்பட்டவர்கள். பழைய அச்சத்தோடு இக்கசப்பும் சேர, சுமை பெண்கள்மீது விழுந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களுள் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவையைச் சார்ந்துள்ளனர். கணவரின் அறுவையைச் சார்ந்தோர் 0.3 விழுக்காட்டினரே.

பெண்ணின் கருக்குழாய் அறுவை வயிற்றறைக்குள் செய்யப்படுவது. ஆணுக்குரியதோ, அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, ஏறத்தாழ அரைமணி நேரத்தில் முடிவது. எளியதை விடுத்து அரியதை மனைவியிடம் ஒப்படைப்பதற்கு மருத்துவம் காரணமன்று என்பது நாம் சிந்திக்கத்தக்கது.