பள்ளி திறந்தாச்சு, 61-ஆவது பிள்ளை எங்கே?



ஜூன் மாதம் வந்துவிட்டால் நம் குழுக்களின் தீர்மான நோட்டைத் திறக்கவே வேண்டாம், உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று சொல்லிவிடலாம். "மகனுக்குப் பள்ளிக் கட்டணம்", "மகளுக்குப் பை, நோட்டு", "வேன் பீஸ்". உள்கடன் கேட்கிற பாதிப் பேர் பிள்ளைகளின் படிப்புக்காகத்தான் கேட்கிறோம். அதே ஜூன் மாதத்தில் நம் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகஸ்டு 1-ஆம் தேதியோடு அந்தக் கணக்கு முடிந்துவிடும். நம்மில் பலருக்கு அது தெரியாது. இந்த மாதம் அதைத்தான் பேசப்போகிறோம்.

நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு ஊரின் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பெயர் வேண்டாம். படிக்கும்போது "இது எங்க ஊர்தான்" என்று நாலைந்து ஊர்க்காரர்கள் நினைக்கலாம், அதில் தப்பில்லை. போன வருடம் அந்தப் பள்ளியில் 62 பிள்ளைகள், 3 ஆசிரியர்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த 14 பேர் பக்கத்து ஊர் பள்ளிக்குப் போய்விட்டார்கள். மீதி 48. பள்ளி திறந்த இரண்டு வாரத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 8 பேர். ஆக 56.

56 என்றால் கிராமத்துப் பள்ளிக்கு நல்ல எண்ணிக்கைதானே என்று தோன்றும். ஆனால் 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். 91 முதல் 120 வரை 4 பேர், அதற்கு மேல் 200 வரை 5 பேர். நம் மாநிலத்தில் ஆகஸ்டு 1 அன்று பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வைத்து ஆசிரியர் பணியிடத்தை முடிவு செய்கிறார்கள். ஒருவர் கூடுதல் என்று வந்தால் அவரை 'உபரி' என்று குறித்து, ஆள் தேவைப்படுகிற வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். 'பணி நிரவல்' என்று டீச்சர்கள் பேசிக்கொள்வது இதைத்தான்.

அதாவது இந்தப் பள்ளியில் 60 பிள்ளை இருந்தால் 2 டீச்சர், 61 இருந்தால் 3 டீச்சர். ஒரே ஒரு பிள்ளைதான் வித்தியாசம்.

இரண்டு டீச்சர், ஐந்து வகுப்பு. அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவருக்குப் பதிவேடு எழுதுவது, இணையத்தில் விவரம் ஏற்றுவது, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம் என்று வேலை இருக்கும். இன்னொருவர் பயிற்சிக்குப் போகிறார் அல்லது அவருக்கே காய்ச்சல் என்று வையுங்கள். அன்றைக்கு ஐந்து வகுப்பையும் ஒருவர்தான் பார்க்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு கையைப் பிடித்து 'அ' எழுதச் சொல்லித் தருவாரா, ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்குப் போடுவாரா? கொஞ்ச நாளில் நாமே "அந்த ஸ்கூல்ல ஒண்ணும் சொல்லித் தர்றதில்லை" என்று சொல்லி, கடன் வாங்கி, பிள்ளையை வேனில் ஏற்றிவிடுகிறோம். எண்ணிக்கை இன்னும் குறைகிறது. டீச்சர் குறைந்ததால் பிள்ளை குறைந்ததா, பிள்ளை குறைந்ததால் டீச்சர் குறைந்தாரா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

வேனில் அனுப்புகிற அம்மாக்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆங்கிலம் வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றம் கிடையாது. 2012-13 முதல் பல அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கினார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் அது இருக்கிறதா என்று கடன் மனு எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை போய்க் கேட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறோம். கேட்காமலே பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறோம்.

சரி, 56-க்கு மேல் இன்னும் ஐந்து பிள்ளைகள் எங்கே கிடைப்பார்கள்? அந்த ஊரில் உள்ள நம் மூன்று குழுக்களின் ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் அங்கன்வாடிப் பணியாளரோடு உட்கார்ந்து தெருத்தெருவாகப் பட்டியல் போட்டார்கள். ஊருக்குள் யார் வீட்டில் எத்தனை பிள்ளை என்று நம் பெண்களுக்குத் தெரிகிற அளவுக்கு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

முதலில் வந்தது செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பிய ஒரு குடும்பம். அண்ணன் எட்டு வயது, தங்கை ஆறு வயது. "டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை, எப்படிச் சேர்ப்பாங்க?" என்று அந்த அம்மா தயங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. டி.சி. தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்காமல் இருக்கக் கூடாது. எட்டு வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க வேண்டியதும் இல்லை. அவன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள். 58.

அடுத்தது மூன்றாம் வகுப்புப் பையன். தனியார் பள்ளியில் படித்தவன். அப்பாவுக்கு வேலை போனதால் பீஸ் பாக்கி. பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. என்று சொல்லிவிட்டார்களாம். பையன் இரண்டு வாரமாக வீட்டில்தான் இருந்தான். கட்டண பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதை நம் உறுப்பினர்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் இ.எம்.ஐ.எஸ். என்கிற எண் இருக்கிறது. பழைய பள்ளி தன் கணக்கிலிருந்து அந்தப் பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளியில் ஏற்ற முடியும். இதைத் தலைமை ஆசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம். அந்த அம்மாவோடு நம் ஊக்குநர் இரண்டு முறை நடந்தார். பெயர் வந்தது. 59.

அறுபதாவது பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஏழு வயதுப் பெண் குழந்தை. கால் சரியாக ஊன்ற வராது, பேச்சும் தெளிவில்லை. பட்டியல் போடும்போது அந்த வீட்டை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். அம்மாவே "அவளைக் கணக்குல சேர்க்காதீங்கக்கா" என்றாராம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 6 வயது முதல் 18 வயது வரை அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அருகில் உள்ள பள்ளியிலோ அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை இருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், இயன்முறைப் பயிற்சியும் கிடைக்கும். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கு வருகிறாள். முதல் நாள் அழுதாள், மூன்றாம் நாள் மதியம் மற்ற பிள்ளைகளோடு தட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியர் கணக்குக்காக இவளைச் சேர்த்தோம் என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். கணக்குப் போட உட்கார்ந்ததால் அவள் கண்ணில் பட்டாள், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு பிள்ளை வேண்டும். தெற்குத் தெருவில் ஐந்து வயது முடிந்த பேரன் ஒருவன் பாட்டியிடம் வளர்கிறான். "விஜயதசமி அன்னைக்கு நெல்லுல எழுத வச்சுத்தான் சேர்ப்பேன்" என்று பாட்டி பிடிவாதமாக இருக்கிறார். விஜயதசமி வருவதோ புரட்டாசி, ஐப்பசியில். அன்றைக்கும் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள்தான், ஆனால் ஆகஸ்டு 1 கணக்கில் அவன் பெயர் இருக்காது. இப்போது சேர்த்துவிட்டு விஜயதசமிக்கு வீட்டில் எழுத வைக்கலாமே என்று நம் உறுப்பினர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வேனில் போகிற ஒரு பிள்ளையின் பெயரைச் சும்மா இங்கேயும் எழுதிவிடலாம் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். அதெல்லாம் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரே எண்தான், இரண்டு இடத்தில் ஏற்ற முடியாது. முடிந்தாலும் செய்யக் கூடாது.

இனி பள்ளியின் மற்ற செய்திகள்.

பாடப் புத்தகம், நோட்டு, பை, காலணி, வண்ணப் பென்சில், சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு 4 செட் சீருடை எல்லாம் இலவசம். எதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. சீருடையைத் தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள். அளவு சரியில்லை என்றால் திட்டிக்கொண்டே வீட்டில் மாட்டி வைக்காமல், தலைமை ஆசிரியரிடம் உடனே சொல்லுங்கள்.

காலை உணவில்தான் இந்த வருடம் அந்த ஊரில் சின்னச் சலசலப்பு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, உள்ளூரில் கிடைக்கிற காய் என்று அளவு வைத்தார்கள். கிராமங்களில் சமைப்பது நம் குழுப் பெண்கள்தான். அதே ஊரில் குடியிருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு படித்திருக்க வேண்டும், இணைய வசதி உள்ள செல்போன் வேண்டும், முக்கியமாக அவருடைய பிள்ளை அதே தொடக்கப் பள்ளியில் படிக்க வேண்டும். இந்தப் பள்ளியில் சமைத்த நம் உறுப்பினரின் மகன் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டான். விதிப்படி வேறு ஒரு அம்மாவைத் தேர்வு செய்ய வேண்டும்.

"நல்லா சமைக்கிறவளை ஏன் நிறுத்தணும்?" என்று அவர் குழுவினர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தன் பிள்ளையும் சாப்பிடுகிற தட்டு என்றால் உப்பும் உறைப்பும் பார்த்துச் செய்வார்கள் என்பது இந்த விதியின் யோசனை. வேலையும் ஒரே வீட்டில் தங்காமல் சுற்றி வரும். ஆனால் விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டியவருக்கு அந்த வருமானம் திடீரென்று நின்றுபோவது கஷ்டம். அவர் கேட்டிருக்கும் தொழில் கடனுக்கு ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு முன்னுரிமை கொடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. புதிதாகத் தேர்வு செய்வதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் செய்து, தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். திண்ணையில் முடிவெடுத்தால் சண்டைதான் மிஞ்சும்.

அம்மாக்கள் பலர் எங்களிடம் கேட்கிற இன்னொரு விஷயம், "என் பொண்ணை அரும்புன்னு போட்டிருக்காங்க, பக்கத்து வீட்டுப் பையன் மலராம், அப்படின்னா இவ மக்கா?" என்பது. இல்லவே இல்லை. கொரோனா காலத்தில் பள்ளி மூடியிருந்ததால் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் விட்டுப்போனது. அதைச் சரிசெய்ய 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதல் மூன்று வகுப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். 2023-24-ல் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கும் வந்தது. எழுத்திலிருந்து தொடங்க வேண்டிய பிள்ளை அரும்பு, கொஞ்சம் முன்னேறிய பிள்ளை மொட்டு, அந்த வகுப்புக்கு உரிய பாடத்தைப் படிக்கிற பிள்ளை மலர். ஒரே வகுப்பில் ஒவ்வொருவருக்கும் எங்கிருந்து சொல்லித் தர வேண்டும் என்று டீச்சர் பார்ப்பதற்காக வைத்த பெயர்கள் இவை. அரும்பில் இருக்கிற பிள்ளை மொட்டுக்குப் போகும். "உங்க பொண்ணு இப்ப எதை வாசிக்கிறா, எதுல தடுமாறுறா?" என்று டீச்சரிடம் கேளுங்கள், வீட்டில் எதைப் பழக்கணும் என்று அவரே சொல்வார். ஆனால் மூன்று நிலைப் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கவனிக்க டீச்சர் போதுமான அளவில் இருக்க வேண்டுமே. மறுபடியும் அந்த 61-க்கே வந்துவிடுகிறோம்.

கடைசியாகப் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நம் மாநிலத்தில் தலைவராக இருப்பதும் ஒரு அம்மாதான். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது இந்தக் குழுவின் வேலை. அப்பாக்கள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற ஊர்களும் நம் பகுதியில் இருக்கின்றன, மறைக்க வேண்டாம். பிள்ளை பள்ளியை விட்டுப் போய்விட்டால் அந்தப் பெற்றோரின் இடமும் காலி. உங்கள் பள்ளியில் இந்த ஜூனில் எத்தனை இடம் காலியானது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, சுற்றுச்சுவர் இடிந்திருக்கிறது போன்றவற்றை அந்தக் குழுவில் தீர்மானம் போட்டு, ஆகஸ்டு 15 கிராம சபையிலும் வைக்கலாம்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஜூலை மாதக் கூட்டம் நெருங்கியிருக்கும். ஒவ்வொரு ஊர் ஊக்குநரும் பள்ளிக்கு ஒரு நடை போய் மூன்று விவரம் எழுதி வாருங்கள்: இன்றைய தேதியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், ஊரில் ஐந்து வயது முடிந்தும் எந்தப் பள்ளியிலும் சேராத பிள்ளைகள் யார் யார். தெற்குத் தெருப் பாட்டி என்ன சொன்னார் என்பதை நாங்கள் அந்தக் கூட்டத்தில் வந்து சொல்கிறோம்.