500 மீட்டருக்குள் மறையும் சேரி: சாலையும் பேருந்தும் யாருடைய கணக்கில்?

பேருந்து எங்கே நிற்கிறது என்பது போக்குவரத்துத் துறையின் நிர்வாகக் கேள்வி மட்டுமன்று. ஊரின் முகப்பில் நிழற்குடையும் நிறுத்தமும் இருக்க, சேரி மக்கள் ஊர்த்தெருவைக் கடந்து சென்று ஏறவேண்டிய நிலை இன்றும் பல கிராமங்களில் உண்டு. அந்தச் சில நூறு மீட்டரில்தான் கேலியும் மிரட்டலும் கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கின்றன. அந்தத் தூரம் அரசின் கணக்கில் எவ்வாறு இல்லாமற்போகிறது என்பதை இங்கே விளக்க முயல்கிறோம்.

பொதுவழி நமக்குத் தானாகக் கிடைத்ததன்று. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்லுவண்டியில் பொதுச்சாலையில் சென்றதே ஒரு போராட்டம். பொதுச்சாலைகளும் கிணறுகளும் அனைவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவர வேண்டியிருந்தது. பேருந்து வந்தபோது தீண்டாமையும் அதில் ஏறிக்கொண்டது. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமத்தை ரத்து செய்வதாக எச்சரித்தார், இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராயிருந்த சௌந்தரபாண்டியன். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது, அப்பேருந்தில் ஏறமாட்டோம் என்று சாதி இந்துக்கள் எதிர்த்தனர், கலவரம் மூண்டது. அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கிற்று. பேருந்தின் பக்கவாட்டில் எழுதப்பட்ட ஒரு பெயரைக்கூடத் தாங்க முடியாத சமூகத்தில்தான் வழித்தடங்களும் நிறுத்தங்களும் முடிவு செய்யப்படுகின்றன.

சாலைக் கணக்கு

2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் குடியிருப்புகளை இணைப்பதை இலக்காகக் கொண்டது. வருவாய்க் கிராமத்தை அன்றிக் குடியிருப்பை அலகாகக் கொண்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதன் வழிகாட்டு நெறிகளில் ஒரு வரையறை உண்டு: அனைத்துப் பருவச் சாலையிலிருந்தோ, ஏற்கெனவே இணைக்கப்பட்ட குடியிருப்பிலிருந்தோ குறைந்தது 500 மீட்டர் தள்ளியிருந்தால்தான் ஒரு குடியிருப்பு 'இணைக்கப்படாதது' ஆகும்.

சமவெளிக் கிராமங்களில் சேரி பெரும்பாலும் ஊரிலிருந்து அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது. ஊருக்குச் சாலை வந்துவிட்டால், இடையில் வயலும் சேறும் கிடந்தாலும், சேரியும் 'இணைக்கப்பட்டதாக' ஏட்டில் ஏறிவிடும். வரையறையை எழுதியவருக்குச் சாதி நோக்கம் இருக்க வேண்டியதில்லை. மீட்டரை அளக்கும் கருவி, நடுவில் இருக்கும் சாதித்தெருவை அளப்பதில்லை; அவ்வளவே.

நட்டக் கணக்கு

பேருந்துக்கு வருவோம். வழித்தடத்தின் பயனைப் போக்குவரத்துக் கழகங்கள் பெரிதும் கிலோமீட்டருக்கு இவ்வளவு வசூல் என்றே மதிப்பிடுகின்றன. இதில் ஒரு சுழல் இருக்கிறது. நாளைக்கு இரண்டு நடை மட்டுமே வரும் பேருந்தை நம்பி யாரும் வேலைக்குச் செல்ல முடியாது. ஆகவே மக்கள் ஷேர் ஆட்டோவுக்கோ, கடனில் வாங்கிய இருசக்கர வண்டிக்கோ மாறுகின்றனர். வசூல் குறைகிறது. 'பயணிகள் ஆதரவு இல்லை' என்று ஒரு நடை நிறுத்தப்படுகிறது. எஞ்சியிருந்த பயணிகளும் விலகுகின்றனர். பேருந்து வராமையால் ஏற்பட்ட விளைவு, பேருந்து வராமைக்கே காரணமாகக் காட்டப்படுகிறது.

சாலை போடும் செலவை யாரும் நட்டம் என்பதில்லை. அதை முதலீடு என்கின்றனர். அதே சாலையில் பேருந்து ஓட்டும் செலவு மட்டும் நட்டம் ஆகிறது. வண்டி வைத்திருப்பவருக்குச் சாலை போதும்; நிலமும் வண்டியும் இல்லாதவருக்குப் பேருந்து வந்தால்தான் அந்தச் சாலையால் பயன். கூடுதல் கூலி கிடைக்கும் வெளியூர் வேலை, கர்ப்பிணியின் மருத்துவப் பரிசோதனை, உள்ளூர் ஆதிக்கத்தை மீறிக் காவல் நிலையத்தில் கொடுக்கப்படும் புகார் ஆகிய எவையும் நடத்துநரின் பையில் வசூலாக விழுவதில்லை.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் இந்தப் பார்வையை ஓரளவு மாற்றியது. பயனாளிகள் மாதம் சராசரியாக 888 ரூபாய் சேமிப்பதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கண்டது. எனினும் வராத பேருந்தில் இலவசத்துக்குப் பொருளில்லை. பேருந்து செல்லாத இடங்களுக்கென 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பேருந்துத் திட்டமோ தனியாரை நம்பியது. அங்கே அந்தச் சலுகை இல்லை.

சட்டத்தின் துணை

அரசு நிதியில் பராமரிக்கப்படும் சாலைகளைப் பயன்படுத்துவதில் சாதிப் பாகுபாட்டை அரசமைப்பின் 15(2)ஆம் கூறு தடைசெய்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்-ஏ), பொது ஊர்தியையும் சாலையையும் பாதையையும் பட்டியல் சாதியினர் பயன்படுத்துவதைத் தடுப்போருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆனால் இச்சட்டம் தடுக்கும் மனிதரைத்தான் பிடிக்கும். கால அட்டவணையைப் பிடிக்காது.

அதற்கு நாம் எடுத்துக்காட்ட வேண்டிய வழக்கு, உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்த இமாச்சலப் பிரதேச அரசு எதிர் உமேத் ராம் சர்மா. பாதியில் நின்ற சாலைப் பணி குறித்து முறையிட்ட அம்மலைக் கிராமத்தவருள் பெரும்பாலோர் தலித் மக்கள். மலைவாழ் மக்களுக்குச் சாலை வசதி 21ஆம் கூறு காக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது நீதிமன்றம். செலவை முடிவுசெய்வது அரசின் பொறுப்பு என்பதை அது மறுக்கவில்லை. மலையைப் பற்றியே பேசியது என்பதும் உண்மை. ஆயினும் மலைக்குப் பொருந்தும் நியாயம், சாதி எழுப்பிய மேட்டுக்கும் பொருந்தும் என்று வாதிடுவது நம் கடமை.

நாம் செய்யக்கூடியவை

முதலில், உங்கள் பகுதி வழித்தடத்தில் அனுமதிக்கப்பட்ட நடைகள் எத்தனை, இயக்கப்பட்டவை எத்தனை, நிறுத்தங்கள் எவை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். ஏட்டில் சேரி வரை வரும் பேருந்து ஊரோடு திரும்பிவிடுகிறதா என்பது அப்போது தெரியும். அடுத்து, ஊருக்கும் சேரிக்கும் இடையிலுள்ள பாதையை அளந்து, படமெடுத்து, கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். பின்னர் அதை மாவட்ட ஆட்சியருக்கும் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும் எழுத்துவடிவில் அளித்து ஒப்புகை பெறுங்கள். நீதிமன்றம் செல்லும் நாளில் அந்த ஒப்புகைச் சீட்டிலிருந்துதான் நம் வழக்கு தொடங்கும்.