முயலுக்குத் துணை

முயற்குட்டியைக் கண்டு மகிழாத சிறுவர் இலர். பஞ்சுப்பொதி போன்ற உடலும், நீண்ட செவிகளும், ஓயாது துடிக்கும் மூக்கும் எவர் உள்ளத்தையும் கவரும். காரைக்காலில் ஒரு வீட்டார் வெள்ளை முயல் ஒன்றை வாங்கிவந்து தாழ்வாரத்தில் கூண்டமைத்து வளர்க்கின்றனர் என்று கொள்வோம். முதல் வாரத்தில் வீடே அதனைச் சூழ்ந்து நிற்கும். பின்னர்ப் பள்ளி திறக்கும். பெரியோர் தத்தம் அலுவல்மேற் செல்வர். முயல் கூண்டின் மூலையில் தனியே அமர்ந்திருக்கும். அது நாயைப்போல் ஊளையிடுவதில்லை. பூனையைப்போல் கத்துவதும் இல்லை. ஆதலின் அதற்குக் குறை ஏதும் இல்லை என வீட்டார் எண்ணிவிடுவர். இவ்வெண்ணம் பிழையானது.

இப்பிழைக்கு நம் மொழிவழக்கும் ஒரு காரணம் எனலாம். தமிழில் முயல் என்னும் ஒரே சொல் இருவேறு விலங்குகளைக் குறிக்கின்றது. காரைக்கால் 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள்வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அவர்தம் மொழியில் இவ்விரண்டிற்கும் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. காட்டுமுயலை லியேவ்ர் என்றும், வீட்டில் வளர்வதை லாப்பேன் என்றும் அவர்கள் கூறுவர். நம் நாட்டுக் காட்டுமுயல் பெரும்பாலும் தனித்து வாழ்வது. அது வளை தோண்டுவதில்லை. புல்லிடையே தன் உடலளவாக ஒரு பள்ளம் செய்து பகலெல்லாம் அதில் பதுங்கியிருக்கும். அதன் குட்டிகள் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். வீட்டு முயலோ ஸ்பெயினும் போர்த்துக்கலும் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து உலகெங்கும் பரவிய குழிமுயலின் வழிவந்தது. அது நிலத்தடியில் வளைகளை அமைத்துக் கூட்டமாக வாழும். அதன் குட்டிகள் மயிரின்றி, கண் திறவாமல் பிறக்கும். காட்டுமுயலின் தனிமையைக் குழிமுயலுக்கும் உரியதாக எண்ணுதல் பொருந்துமா?

குழிமுயலின் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கியவருள் ஒருவர் ரொனால்டு லாக்லி என்பவர். அவர் வேல்ஸ் நாட்டில் முயல்களின் வளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, தாம் கண்டவற்றை 1964ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். முயற்கூட்டத்தில் தலைமையும் படிவரிசையும் உண்டு. ஒவ்வொரு கூட்டத்திற்கும் தனி எல்லை உண்டு. முயல் தன் தாடையின் கீழுள்ள சுரப்பியைக் கல்லிலும் செடியிலும் தேய்த்துத் தன் மணத்தால் அவ்வெல்லையைக் குறிக்கும். பகை வந்தால் பின்னங்காலால் நிலத்தை ஓங்கித் தட்டி ஏனையவற்றை எச்சரிக்கும். தனிக்கூண்டில் உள்ள முயலும் இடியோசை கேட்டு இவ்வாறே தட்டும். ஆனால் கேட்பதற்குத்தான் அங்கு எவரும் இல்லை.

துணையை முயல் எவ்வளவு விரும்புகின்றது என்பதை அளந்தறியவும் அறிஞர் முயன்றனர். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், பெண் முயல்கள் தள்ளித் திறக்க வேண்டிய கதவுகளில் கனத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினர். ஒரு கதவின் பின்னே உணவு. மற்றொன்றின் பின்னே வேறொரு முயல். உணவைப் பெறுவதற்கு முயல்கள் எவ்வளவு பாடுபட்டனவோ, ஏறக்குறைய அவ்வளவே மற்றொரு முயலை அடைவதற்கும் பாடுபட்டன.

அவ்வாறாயின் துணையாவது யாது? மனிதர் அன்பு காட்டலாம். ஆயினும் இரவும் விடியலும் உடனிருந்து, நாவால் செவியை நக்கித் தூய்மை செய்தல் அவர்க்கு இயலாது. கினிப்பன்றியைச் சிலர் உடன் வைப்பர். அதன் உணவுத் தேவை வேறு. முயலின் உதை பட்டால் அதற்குக் காயமும் உண்டாகும். வயலில் பிடித்த காட்டுமுயலை உடன் அடைப்பது அறியாமை மட்டுமன்று, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும். குழிமுயலுக்குத் துணை மற்றொரு குழிமுயலே.

இதனை உணர்ந்த வீட்டார் செய்யும் அடுத்த பிழையே கொடியது. அன்றே மற்றொரு முயலை வாங்கிவந்து, அதே கூண்டினுள் விட்டுவிடுவர். லாக்லி கண்ட எல்லைக்காவலை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். துணையை விரும்பும் அதே முயல், தன் எல்லையுட் புகுந்த அயல் முயலைக் கடிக்கவும் செய்யும். கூரிய பற்களும் பின்னங்கால் நகங்களும் சில நொடிகளில் தோலைக் கிழித்துவிடும்.

சண்டையின்றி இணைந்துவிட்டாலும் வேறோர் இடர் உண்டு. புதிய முயல் எதிர்பாலாயின், சினையுற்ற ஏறத்தாழ 31 நாள்களில் குட்டிகள் பிறக்கும். ஈன்ற அன்றே தாய் மீண்டும் சினையாதல் கூடும். 1859ஆம் ஆண்டில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் ஆஸ்திரேலியாவில் வேட்டைக்கென விடுவித்த முயல்கள் இரண்டு டஜனுக்கு மேற்படா. அவற்றின் வழித்தோன்றல்கள் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவிப் பயிரை அழித்தன. அவற்றைத் தடுக்க மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901ஆம் ஆண்டில் தொடங்கி 1907 வரை நெடுவேலி எழுப்ப நேர்ந்தது. ஒரு தாழ்வாரத்திற்கு அத்தனை முயல்கள் வேண்டா.

ஆதலின் இரண்டு முயல்களுக்கும் இனப்பெருக்கத்தடை அறுவை செய்வித்தலே முதற்படி. ஆணும் பெண்ணுமாகிய இணையே பெரும்பாலும் எளிதில் பொருந்தும். அறுவை செய்யப்படாத இரண்டு ஆண்கள், ஒரே ஈற்றுக் குட்டிகளாயினும், பருவம் வந்ததும் கடுமையாகப் போரிடும். பெண்ணுக்கு இவ்வறுவையால் வேறொரு நன்மையும் உண்டு. வயது முதிர்ந்த பெண் முயல்களுக்குக் கருப்பையில் புற்றுநோய் தோன்றுதல் மிகுதி, அது தடுக்கப்படும். மயக்க மருந்து முயலுக்குச் சற்று இடர் தருவதாதலின், முயலுக்கு அறுவை செய்து பழகிய மருத்துவரை நாடுதல் வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரிகள் புதுச்சேரிக் குரும்பாபேட்டிலும் ஒரத்தநாட்டிலும் உள்ளன; அங்குக் கேட்டறியலாம். மனிதரைப் போல் அறுவைக்கு முன் முயலைப் பட்டினியிடுதல் கூடாது. அதற்கு வாந்தியெடுக்க இயலாது. குடல் ஓய்ந்தாலோ உயிருக்கே கேடு வரும். ஆண் முயலின் கருவூட்டும் ஆற்றல் அறுவைக்குப் பின்னும் சில வாரங்கள் நீடிக்குமாதலால், ஆறு வாரமேனும் அதனைப் பெண்ணிடமிருந்து பிரித்து வைத்தல் நன்று.

அடுத்தது பழக்கும் முறை. இரண்டு கூண்டுகளையும் அருகருகே, கம்பியினூடே கடிக்க இயலாத இடைவெளி விட்டு வைத்தல் வேண்டும். ஒன்றன் படுக்கைப் புல்லை மற்றொன்றின் கூண்டில் இட்டால், முகம் பழகுமுன் மணம் பழகும். இருபுறமும் ஒரே வேளையில் அறுகம்புல் வைத்தால் அவை எதிரெதிரே அமர்ந்து உண்ணும். சில நாள்களுக்குப் பின், முதல் முயலின் கால் இதுவரை படாத ஓர் அறையில் இரண்டையும் பத்து நிமிடம் சேர்த்து விடலாம். ஒன்று மற்றொன்றைத் துரத்துதலும் மேலே ஏறுதலும் இயல்பே. தலைமை யாருடையது என்பதை அவை அவ்வாறு முடிவு செய்கின்றன. ஆனால் செவிகளைப் பின்னே மடக்கி, உறுமிப் பாய்ந்தால் உடனே பிரித்துவிடுதல் வேண்டும். வெறுங்கையை இடையில் நீட்டினால் கடி கைக்கு விழும். தடித்த துண்டு ஒன்று போதும். சில இணைகள் ஒரு வாரத்தில் பொருந்தும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று வாதிப்பவர் இவ்வேலைக்கு ஏற்றவர் அல்லர்.

காரைக்காலைப் பொறுத்தவரை காலமும் கருதத்தக்கது. முயலுக்கு வியர்வை இல்லை என்றே சொல்லலாம். செவியிலுள்ள குருதிக்குழாய்களின் வழியே உடல் வெப்பம் நீங்கும். கத்தரி வெயிலில், துரத்தி ஓடிக் களைத்த முயல் வெப்பத்தாக்கால் இறத்தல் கூடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ கூண்டு ஈரமாகி ஈ மொய்க்கும். தை, மாசித் திங்களே முயல்களைப் பழக்க ஏற்றவை.

இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்து, மாறிமாறித் தலையை நக்கத் தொடங்கினால் இணைப்பு முடிந்தது எனக் கொள்ளலாம். அதன்பின் அவற்றைப் பிரித்தல் ஆகாது. ஒன்று நோயுற்று மருத்துவமனைக்குச் செல்லும்போது மற்றொன்றையும் உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும். இல்லையேல் மருந்து மணத்தோடு திரும்பிவருவதை அது அயல் முயலெனக் கருதிக் கடிக்கக்கூடும். ஒன்று இறக்க நேரின், உயிரோடிருப்பதை அவ்வுடலருகே சிறிது நேரம் விட்டுவைப்பது முயல் வளர்ப்போர் வழக்கம். அது அருகே சென்று முகர்ந்து பார்க்கும். சில வேளை தலையை நக்கும். பின்னர்த் தானே விலகிச் செல்லும்.