ஆனந்த குமாரசுவாமி பெயரில் ஒரு முள்வேலி முகாம்

மயிலாப்பூர் சபாக்களிலும் அடையாறு நடனப் பள்ளிகளிலும் நடராஜர் தத்துவத்தைப் பேச எடுத்தால் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் வராமல் போகாது. 1918-இல் வெளிவந்த அவருடைய 'சிவ நடனம்' நூலுக்கு அப்படியொரு மதிப்பு. அந்தப் பெயரை 2009-இல் இலங்கை அரசு ஒரு தடுப்பு முகாமுக்குச் சூட்டியது. வவுனியா மாவட்டம் செட்டிகுளத்துக்கு அருகே, காட்டை அழித்து எழுப்பிய மெனிக் பாம் முகாமின் ஒரு பிரிவு அது. வேறு சில பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று பெயர். எல்லாரும் புகழ்பெற்ற இலங்கைத் தமிழர்கள். சுற்றிலும் முள்கம்பி, காவலுக்கு ராணுவம்.

இலங்கைப் போரின் இறுதி மாதங்களில் விடுதலைப் புலிகளும் வன்னி மக்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள். தப்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது இந்த முள்வேலிதான். சுமார் 2,80,000 பேர் இப்படிப்பட்ட முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 'நலன்புரி நிலையம்' என்றது அரசு. புலிகளைப் பிரித்தறிய வேண்டும், ஊர்களில் கண்ணிவெடி அகற்ற வேண்டும் என்று காரணம் சொன்னது. கண்ணிவெடி உண்மைதான். ஆனால் சந்தேகத்துக்குரியவர்கள் என்று பல்லாயிரம் பேரைத் தனியே கொண்டுபோன பிறகும் கைக்குழந்தையும் கிழவியும் ஏன் உள்ளே? தங்க உறவினர் வீடு இருந்தவர்களையும் விடவில்லை. வழக்கு இல்லை, விசாரணை இல்லை. நாட்டுக்குள் எங்கும் நடமாடலாம் என்று குடிமக்களுக்கு உறுதி தரும் அரசியலமைப்பின் 14-ஆம் உறுப்புரை அவர்களுக்கு உதவவில்லை.

ஆகஸ்ட் மழையில் கழிவறைக் குழிகள் நிரம்பி, அந்தத் தண்ணீர் தறப்பாள் கூடாரங்களுக்குள் புகுந்தது. பார்க்க வந்த உறவினர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்திப் பேசினார்கள்.

இப்படி மக்களை அடைத்தது இலங்கை மட்டுமல்ல. 1942-இல் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த அமெரிக்கா, 1988-இல் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தரச் சட்டம் இயற்றியது. 1962 சீனப் போரின்போது நம் நாடும் சுமார் 3,000 சீன வம்சாவளியினரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தது. மன்னிப்பு இன்னும் வரவில்லை. அதைச் சொல்லாமல் இலங்கையை மட்டும் கேள்வி கேட்பது நியாயமில்லை.

மே மாதம் வந்தால் சென்னையில், போரின் கடைசிக் களமான முள்ளிவாய்க்காலை நினைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறோம். அதற்குப் பிந்தைய கம்பிவேலி மாதங்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. என் ஆதங்கம் அதுதான்.

மெனிக் பாம் மக்களை 2009 டிசம்பரில்தான் வெளியே போய்வர அனுமதித்தார்கள். முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறிய, முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவு மக்களால் ஊர் திரும்ப முடியவில்லை. அவர்கள் நிலத்தில் ராணுவம் இருந்தது. சீனியாமோட்டைக் காட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். 2017-இல் பக்கத்துப் பிலக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாம் வாசலில் குழந்தைகளோடு ஒரு மாதம் உட்கார்ந்து, சொந்தக் காணியை மீட்டார்கள்.